அக்கரையில் ஒரு மேளக்கச்சேரி

2024 மார்ச் மாதம் என் பேத்தி சிங்கப்பூருக்குப் போய்வந்தாள். டெய்லர் ஸ்விஃப்ட் என்ற அமெரிக்கப் பாடகி அங்கே ஆறு இரவுகள் பாடினார். அதில் ஒரு இரவுக்கு டிக்கெட் கிடைத்தது என்று, சம்பளத்தில் சேர்த்துவைத்த காசோடு தோழிகளுடன் விமானம் ஏறிவிட்டாள். வீட்டில் பெரியவர்களுக்கு மனசே ஆகவில்லை. பாட்டுக் கேட்க யாராவது கடல் தாண்டிப் போவார்களா, அதுதான் போனிலேயே கிடக்கிறதே என்றார்கள். நான் அவள் பக்கம்தான் பேசினேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசிக்கிறார் என்று காதில் விழுந்தால், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டி பூட்டிப் போகிறவர் என் தகப்பனார். விடியற்காலம் திரும்பி வந்து, சிவந்த கண்ணோடு அப்படியே வயலுக்குப் போவார். அன்றைக்கு முழுக்க யாரோடும் அதிகம் பேசமாட்டார் என்று அம்மா சொல்லுவாள். கேட்பதற்காக ஊர்விட்டு ஊர் போவது எங்கள் குடும்பத்துக்குப் புதுசில்லை.

அந்த வருடம் ஆவணியில் நானும் கடல் தாண்டினேன். யாழ்ப்பாணத்தில் என் நண்பர்களின் மேளக்கச்சேரி. எழுபத்தைந்தைத் தாண்டிய வயதில் இது தேவையா என்று அப்போது கேட்டவர்களுக்கு நான் விளக்கமாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லத் தோன்றுகிறது. நண்பர்களில் ஒருவராவது பாடுகிறவராகவோ வாசிக்கிறவராகவோ இருக்கிற இளைய பிள்ளைகளுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். 1990இல் இலங்கையில் மறுபடியும் சண்டை மூண்டபோது படகேறி ராமேஸ்வரம் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களில் ஒரு அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். அண்ணன் நாயனம், தம்பி தவில். கொஞ்ச நாள் முகாமில் இருந்துவிட்டு, அனுமதி வாங்கி எங்கள் தெருக்கோடியில் வாடகைக்குக் குடிவந்தார்கள். இந்தப் பக்கமாகத் தேடி வந்ததில் அர்த்தம் இருந்தது. காய்ந்த ஆச்சாமரத்தில் நாயனம் கடைகிற நரசிங்கம்பேட்டை எங்களுக்கு அடுத்தாற்போல். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற உத்திரத்தைத் தேடி வாங்கிக் கடைவார்கள். 2022இல் அந்த நாயனத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாணலில் சீவாளி செய்கிற திருவாவடுதுறையும் எட்டுகிற தூரம்தான். வாத்தியம் பழுதானால் கையோடு எடுத்துக்கொண்டு ஓட ஆள் இருக்கிற ஊராகப் பார்த்து வந்திருந்தார்கள்.

நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தம்பியின் மகன் எங்கள் பள்ளியில் சேர்ந்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணக்குப் போடுவான். ஒரு கையில் பென்சில் ஓடும், இன்னொரு கை பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருக்கும். பின்னக் கணக்கு அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எட்டுக்குள் மூன்றரை எப்படிப் புகும் என்பது அந்தப் பையனுக்கு விரலில் தெரியும். அவனைக் கூட்டிப்போக வருகிற தம்பியோடு திண்ணையில் பேச்சு வளர்ந்தது. பிறகு அண்ணனும் வந்து உட்கார ஆரம்பித்தார். என்னைவிட இளையவர்கள் இருவரும். நான் அவர்களைத் தம்பி என்பேன். அவர்களுக்கு நான் சேர்.

அவர்கள் பிறந்தது மேளக்காரர்களுக்குப் பேர்போன மண். யாழ்ப்பாணத்தில் இணுவில், அளவெட்டி என்று சொன்னால் வாசிக்கிறவர்கள் இன்றைக்கும் மரியாதையோடு நிமிர்ந்து உட்காருவார்கள். தவிலில் பெரும் பெயர் எடுத்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அந்த மண்ணில் வளர்ந்தவர்தான். 1933இல் பிறந்து 1975இல் மறைந்துவிட்டார். அந்தக் கொஞ்ச ஆயுளுக்குள் எங்கள் பக்கத்து நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார், காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனத்துக்கு வாசித்தார், இரண்டு கரையிலும் தவில் வாசிக்கிற பிள்ளைகளைத் தூங்கவிடாமல் பண்ணினார். அவரைச் சின்ன வயதில் பக்கத்தில் இருந்து கேட்ட கதையைத் தம்பி சொல்லும்போது, கதை பாதியில் நின்று சொற்கட்டு வந்துவிடும். திண்ணைத் தூணில் தட்டிக் காட்டுவார்.

அப்படிப்பட்ட வித்தைக்காரர்களுக்கு எங்கள் ஊரில் கிடைத்த வேலை, ஆள் குறைகிற மேளச் செட்டில் போய் நிற்பது. முகூர்த்த நாட்கள் நிறைய இருக்கிற மாதத்தில் கூப்பிடுவார்கள். கல்யாண மண்டபத்து மேளம் எப்படிக் கேட்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும். பந்தியில் சாம்பார் வாளி சத்தம், வாசலில் ஜெனரேட்டர், மேடையில் போட்டோக்காரரின் அதட்டல். நாயனக்காரர் ஒரு ராகத்தை எடுத்து மேல் ஸ்தாயிக்குப் போகிற நேரத்தில் ஐயர் விரலை ஆட்டுவார், கெட்டிமேளம். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் மாமா வந்து சினிமாப் பாட்டு ஒன்று கேட்பார். அண்ணன் முகம் கோணாமல் அதையும் வாசிப்பார், அதையும் சுத்தமாக வாசிப்பார். நான் அழைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேடைக்குக் கீழே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். வாசித்து முடித்தால் தலையாட்ட ஒருவராவது இருக்கட்டும் என்றுதான்.

அவர்களுடைய நிஜமான வாசிப்பைக் காவிரிப் படித்துறையில்தான் கேட்டிருக்கிறேன். ஒண்டுக் குடித்தனத்தில் நாயனம் ஊத முடியாது. ஆற்றில் தண்ணீர் வற்றிய மாதங்களில் ராத்திரி எட்டு மணிக்குமேல் மணலில் போய் உட்காருவார்கள். அங்கே அண்ணன் தோடி வாசித்துக் கேட்ட இரவுகளில், என் தகப்பனார் ஏன் மறுநாள் பேசாமல் இருந்தார் என்பது எனக்குப் புரிந்திருக்கிறது. ஆனால் அதை நானும், மணல் மேட்டில் படுத்திருந்த இரண்டொரு பேரும் மட்டும் கேட்டோம். இருபது வருடத்துக்குமேல் எங்கள் ஊரில் இருந்தார்கள். ஊர் அவர்களை நல்ல மனிதர்கள் என்று அறிந்துகொண்டது, வாடகை ஒழுங்காகக் கொடுப்பவர்கள் என்று அறிந்துகொண்டது. எப்பேர்ப்பட்ட வித்வான்கள் என்று அறிந்துகொள்ளவில்லை. அதற்கு ஊரையும் குறைசொல்ல மாட்டேன். ஒரு மனிதன் முழுசாக வாசிக்கிற இடம் என்று ஒன்று இருக்கிறது. அது அவர்களுக்கு எங்கள் ஊரில் அமையவில்லை.

2009இல் போர் முடிந்து, சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு திரும்பிப் போனார்கள். வீடு கூரையில்லாமல் கிடந்ததாம். கிணற்றைத் தூர்வாரினார்கள், கூரை போட்டார்கள், பிறகு வாத்தியத்தை எடுத்தார்கள். அங்கேயும் முதலில் மற்றவர்களின் செட்டில்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தச் செட் அமைந்தது: அண்ணன், அவரிடம் கற்றுக்கொண்ட இன்னொரு நாயனம், தம்பி, தம்பியின் மகன். 2024 ஆனியில் போன் வந்தது. “சேர், இந்த வருசம் எங்கட அம்மன் கோயில் திருவிழா முழுக்க எங்கட செட்தான் வாசிக்குது. ஒருக்கா வந்து கேக்க வேணும் நீங்கள்.” அண்ணன் இத்தனை வருடத்தில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பையனின் பள்ளிச் சான்றிதழுக்குக்கூட நானாகத்தான் கேட்டுச் செய்தேன். போனை வைக்கும் முன்பே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

யூடியூபில் நேரலையாக வருமே அப்பா என்றான் என் மகன். வரும், உண்மைதான். டொரண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தங்கள் ஊர்த் தேரை அப்படித்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது பெரிய கொடை. ஆனால் தவிலில் வலந்தலை அடி காதில் விழும், தொப்பி அடி நெஞ்சில் விழும். போன் முதலாவதைக் கொண்டுவரும், இரண்டாவதைக் கொண்டுவராது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நேரலையில் நான் அவர்களைக் கேட்பேன், ஆனால் நான் கேட்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. வாசிக்கிறவனுக்கு எதிரில் இருக்கிற காது ரொம்ப முக்கியம். நல்ல காது ஒன்று கூட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு ராகம் பத்து நிமிடம் கூடும். அந்தப் பத்து நிமிடம் எந்தப் பதிவிலும் முன்கூட்டி இருக்காது.

போகிற வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு முன்னால் இப்படிக் கடல் தாண்டிப் போனவர்களில் மேளக்காரர்கள் உண்டு. பாம்பன் பாலம் 1914இல் திறந்தபிறகு, மெட்ராஸில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்புக்கே ஒரே டிக்கெட்டில் போகலாம். போட் மெயில் என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வித்வான்கள் அதில்தான் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் போய் வாசித்தார்கள். அங்கிருந்து பிள்ளைகள் இங்கே வந்து குருகுலமாக இருந்து கற்றார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போயிற்று. ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் தொடக்கத்தில் நின்றது. அதன்பிறகு அந்தக் கடலில் அகதிப் படகுகள்தான் போயின. என் நண்பர்கள் வந்ததும் அப்படித்தான்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்ட் 16ஆம் தேதி சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது. விமானத்தில் போயிருக்கலாம், சென்னையிலிருந்து பலாலிக்கு 2019இல் தொடங்கிய விமானம் இருந்தது. எனக்குக் கடல் வழியாகவே போகவேண்டும் என்று இருந்தது. அறுபது கடல் மைல், நாலு மணி நேரம். பையில் துணிமணியைவிடப் பத்திரமாக வைத்திருந்தது ஒரு தகர டப்பா. திருவாவடுதுறையில் சொல்லிவைத்து வாங்கிய சீவாளிகள், பஞ்சில் வைத்துக் கட்டியது. காங்கேசன்துறையில் சுங்க அதிகாரி டப்பாவைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் குனிந்து பார்த்து, “சீவாளியோ? எந்தக் கோயிலுக்கு ஐயா?” என்றார். கோயில் பெயரைச் சொன்னேன். டப்பாவை அவரே மூடி, நாடாவை அவரே கட்டிக் கொடுத்தார்.

காங்கேசன்துறையிலிருந்து சுன்னாகம் போகிற வழியெல்லாம் பனை. மூடிப்போன சிமெண்டுத் தொழிற்சாலையைக் கடந்தால் செம்மண் தோட்டங்கள் ஆரம்பிக்கின்றன, வெங்காயமும் புகையிலையும். வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது, எல்லாம் கிணற்றுப் பாசனம். காவிரிக்கரையில் இருபது வருடம் இருந்துவிட்டு இவர்கள் எதற்காக இந்த வறண்ட மண்ணுக்கு ஏங்கினார்கள் என்று ஊரில் சிலர் கேட்டதுண்டு. அந்தச் செம்மண்ணில் ஒரு மாலை நேரம் நின்று பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், “வாங்கோ சேர், கப்பல் ஆட்டினதோ?” என்று அண்ணன் எழுந்து வந்தார். அவர் மனைவி இடியப்பமும் சொதியும் வைத்தார். நான் அன்றைக்கு அங்கே தங்கவில்லை. யாழ்ப்பாணம் நகரத்தில் அறை எடுத்திருந்தேன். அவர்களுக்கு முதலில் வருத்தம்தான், ஆனால் இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். வாசிக்கிற நாளில் வாசிக்கிறவர் வீட்டில் விருந்தாளியாக இருக்கக்கூடாது. பகலில் அவர்கள் தூங்க வேண்டும். நாயனக்காரருக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும், உதடு ஓய்வாக இருக்க வேண்டும். வந்தவரை உபசரித்துக்கொண்டு, பழைய கதை பேசிக்கொண்டு இருந்தால் ராத்திரி மூச்சு எங்கிருந்து வரும்? இளையவர்களே, உங்கள் நண்பர்களின் நிகழ்ச்சிக்குப் போனால் உங்கள் செலவில் போங்கள், டிக்கெட் உண்டென்றால் காசு கொடுத்து வாங்குங்கள். ஓசி டிக்கெட் கேட்பதை நெருக்கத்தின் அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். வீட்டு ஆட்கள் வந்து நிரப்புகிற ஒவ்வொரு ஓசி நாற்காலியும் அந்தக் கலைஞனின் சாப்பாட்டில் கைவைப்பதுதான். நிகழ்ச்சிக்கு முன்னால் அவர்களைப் பார்க்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகாதீர்கள். எனக்குப் பிடித்ததை வாசி என்று கேட்காதீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கையாட்டாதீர்கள். வந்திருக்கிறீர்கள் என்பது எப்படியும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அன்று பதினொரு நாள் திருவிழாவில் சப்பரத் திருவிழாவுக்கு முந்தின இரவு. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். மேளத்துக்கு என்று தனியாக மனசு வைக்கிற உபயகாரர்கள் உண்டு. அன்றைய உபயகாரர் அப்படிப்பட்டவர். ஆண்கள் மேல்சட்டை இல்லாமல், வேட்டியோடு, இடுப்பில் சால்வை கட்டி நின்றார்கள். நானும் அப்படியே நின்றேன். வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் ஒருபக்கம். மணலில் பாய் விரித்து இடம்பிடித்திருந்த கிழவிகள் இன்னொரு பக்கம்.

வசந்தமண்டபப் பூசை நடந்துகொண்டிருந்தபோது நான் மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்று அவர்களைப் பார்த்தேன். தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்து விரலுக்குக் கூடு போட்டுக்கொண்டிருந்தார். பசை தடவிய துணியைச் சுற்றிச் சுற்றிக் கல்லாகக் காயவைத்த கூடு. ஒவ்வொன்றையும் எடுத்து, உள்ளே ஊதி, விரலில் மாட்டி, மற்றக் கையால் அழுத்தித் திருகி, வலந்தலையில் ஒரே ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். சரியில்லையென்றால் கழற்றி மறுபடி. அதற்கு அவசரமே படவில்லை. அவருக்கு எதிரில் மகன் அதே மாதிரி, அதே வரிசையில் விரல்களுக்கு மாட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் நாயனத்திலிருந்து தொங்கும் கயிற்றில் நான் கொண்டுபோன சீவாளிகளில் ஒன்று கட்டியிருந்தது. அதை எடுத்து வாயில் வைத்து நனைத்து, வெறும் சீவாளியை மட்டும் ஊதினார். வாத்துக் குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அதைக் கெண்டையில் செருகினார்.

அம்மன் எழுந்தருளி மண்டபத்தைவிட்டு இறங்கியதும் மல்லாரி. கம்பீரநாட்டையில், சாகித்தியம் இல்லாமல், சுவரங்களும் தாளமும் மட்டுமாக நடக்கிற இசை அது. தெய்வம் தெருவில் காலெடுத்து வைப்பதற்கென்றே நம் நாயனக்காரர்கள் கட்டிவைத்தது. முதல் காலத்தில் நிதானமாக நடந்து, இரண்டாம் காலத்தில் நிமிர்ந்து, மூன்றாம் காலம் வந்தபோது தோளில் தூக்கி வந்தவர்களின் நடையே மாறிவிட்டது. எங்கள் ஊர்க் கோயில்களிலும் நான் மல்லாரி கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் இந்த அண்ணன் மல்லாரி வாசித்து நான் கேட்டதே இல்லை. கல்யாண மண்டபத்தில் மல்லாரிக்கு வேலை ஏது?

வெளிவீதியில் வடக்கு மூலை திரும்பியதும் சுவாமி நின்றது. அங்கேதான் ராகம். கரகரப்பிரியா. அவர் ஆரம்பித்தபோது ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, கச்சான் என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையை விற்கிற பெண் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் அந்த வீதி முழுக்க அவர் கைக்குள் வந்துவிட்டது. யாரும் யாரையும் அதட்டவில்லை. பஞ்சமத்தில் நின்று, மேலே போகிற மாதிரி போய், போகாமல் இறங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா தொடையில் விரல் எண்ணிக்கொண்டே, “இப்ப போவார் பாருங்கோ” என்றார் என்னிடம். அடுத்த மூச்சில் அண்ணன் மேல் ஷட்ஜத்தைப் பிடித்தார். அவர் அங்கே நின்ற நேரத்தில் நான் மூச்சுவிட்டேனா என்று தெரியாது. கல்யாண மண்டபத்தில் ஐயரின் விரலைப் பார்த்துக்கொண்டே வாசித்த மனிதர், இங்கே யாரையும் பார்க்கவில்லை. கூட்டம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராகம் முடிந்து கீர்த்தனை, கீர்த்தனைக்குப் பிறகு மேளச்சமா. இதை எங்கள் பக்கத்தில் இந்த அளவுக்குக் கேட்க முடியாது. தேர்முட்டிக்கு முன்னால் பாய் விரித்து, பக்கத்து ஊரிலிருந்து சிறப்புத் தவிலாக வந்த இருவரும் சேர, நான்கு தவில் எதிரெதிராக உட்கார்ந்தன. நள்ளிரவு தாண்டிவிட்டது, கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. தகப்பன் ஒரு நடையை எடுத்து வைப்பார், மகன் அதை வாங்கித் திருப்பிக் கொடுப்பான். திஸ்ரம், கண்டம் என்று போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவன் ஒரு கோர்வை வைத்தான். ஆதி தாளத்தின் முப்பத்திரண்டு மாத்திரையில் முதல் ஏழைச் சும்மா விட்டான். பிறகு ஏழு, இரண்டு இடைவெளி, ஏழு, இரண்டு இடைவெளி, ஏழு. சமத்தில் வந்து இடித்ததும் கூட்டம் ஓ என்றது. என் வீட்டுத் திண்ணையில் பென்சில் பிடித்துக்கொண்டு பெஞ்சில் தட்டின அதே கைதான். நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது; எண்ணி முடித்ததும் பக்கத்து அம்மா திரும்பிப் பார்த்து, “நீங்கள் மேளகாரரோ?” என்று கேட்டார். கணக்கு வாத்தியார் அம்மா, அந்தப் பிள்ளைக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை எதற்கு ஒளிக்க வேண்டும்? அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உபயகாரர் வாசித்தவர்கள் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார். அண்ணன் அப்போதுதான் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் சிரிக்கவில்லை, கும்பிடவில்லை. தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தார். படித்துறையில் வாசித்து முடித்ததும் எப்படி இருந்தது என்று கேட்பதற்கு அவர் செய்கிற அதே சைகை. நானும் பதிலுக்குத் தலையசைத்தேன்.

நண்பர்களை நாம் பெரும்பாலும் நம்முடைய ஊரில், நம்முடைய வசதியில்தான் அறிகிறோம். நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தவர்களாக, நம்மிடம் உதவி வாங்கியவர்களாக, நாம் அறிமுகப்படுத்திவைத்தவர்களாக. அதில் பாசம் இருக்கலாம், ஆனால் அவர்களின் உயரம் அதில் தெரியாது. இருபது வருடமாக நான் அந்த இருவருக்கும் ஆதரவாக இருந்தவன் என்று ஊர் சொல்லும். அந்த இரவில் அவர்கள் பெரிய மனிதர்கள், நான் மணலில் உட்கார்ந்து கேட்கிற பல நூறு பேரில் ஒருவன். நட்புக்கு அது தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். ஒருவர் கொடுத்துக்கொண்டும் ஒருவர் வாங்கிக்கொண்டும் இருந்த இடத்தில் அன்றைக்கு ஒரு கணக்கு நேராயிற்று. போகாமல் வீட்டிலிருந்து நேரலையில் பார்த்திருந்தால், நல்லா வாசிச்சீங்க தம்பி என்று போனில் சொல்லியிருப்பேன். திண்ணையில் இருந்து சொல்லுகிற அதே குரலில்.

வயதைச் சொல்லித் தயங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாயனம் உதட்டையும் பல்லையும் மூச்சையும் நம்பியிருக்கிற வித்தை. முன்பல் போனால் நாயனமும் போகும். அண்ணனுக்கு இன்னும் எத்தனை திருவிழா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கேட்கிற என் காதும் அப்படித்தான். இரண்டு பக்கமும் நல்லபடியாக இருக்கிற காலம் என்று ஒன்று உண்டு, அதற்குள் போய்விட வேண்டும். பணம் வரும், லீவு வரும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நண்பர்களின் மேடைகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். சின்னக் குழுவாக, நாலு பேர் மட்டும் கேட்க வாசிக்கிற நாட்களில்தான் நண்பன் வந்து உட்கார வேண்டும். பேர் வந்தபிறகு உட்கார ஆயிரம் பேர் இருப்பார்கள்.

மறுநாள் மத்தியானம் போய் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். இப்போது போகலாம்; வாசித்துவிட்டுத் தூங்கி எழுந்த நேரம். முற்றத்து வேப்பமரத்தடியில் தம்பி தவிலின் வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அண்ணன் நாயனத்துக்குள் துணி விட்டு இழுத்துத் துடைத்தார். முந்தின இரவைப் பற்றி நான் சொல்ல நினைத்ததெல்லாம் அப்போதுதான் சொன்னேன். கரகரப்பிரியாவில் அந்த ஏறாமல் இறங்கின இடத்தைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினோம். ஒரு இடத்தில் சுருதி சற்றே இறங்கினதையும் சொன்னேன். “ஓம் சேர், சீவாளி புதுசு, இன்னும் பழகேல்லை” என்றார். கேட்டவன் உண்மையாகக் கேட்டிருக்கிறான் என்பது அவருக்கு அதில்தான் உறுதியாயிற்று என்று முகம் சொன்னது. பொத்தாம்பொதுவாகப் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வருவதற்கு நண்பன் தேவையில்லை.

பையன் எங்கள் ஊருக்கு ஒருமுறை வர வேண்டும் என்று ஆசைப்படுகிறான். படித்த பள்ளியைப் பார்க்க வேண்டும், பலாமரத்தில் புதிதாக ஒரு தவில் சொல்லிச் செய்ய வேண்டும். விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டேன். வைகாசியில் எங்கள் சிவன் கோயில் திருவிழாவில் நாலு பேரும் சேர்ந்து வாசிக்க ஏற்பாடு. கோயில்காரர்களிடம் பேசி வைத்திருக்கிறேன்: சுவாமி தெற்குவீதி திரும்பியதும் இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும், வாணவேடிக்கை கூடாது, மெல்லிசைக்காரர்கள் மைக்கை அணைத்துவைக்க வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள். இரண்டு மணி நேரம் அதிகம், ஒன்றரை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் இப்போது. நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.